முகத்துக்கு ஏற்ற வெளிச்சம்



தன்னுடைய அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்ன ஒருவரை நம்மூரில் நான் இதுவரை சந்திக்கவில்லை. வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ அட்டையை நீட்டும்போது, பெருவிரலால் படத்தை மறைத்துக்கொண்டு நீட்டுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். குறிப்பாக நம் பெண்கள். "ஐடி காட் போட்டோ எண்டா அப்பிடித்தான் வரும்" என்று நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம்.

அப்படித்தான் வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது வெளிச்சம் வைக்கிற விசயம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பிமாரும், கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற பிள்ளைகளும், தரம் 10, 11இல் பிள்ளைகள் இருக்கிற பெற்றோரும் கடைசிவரை வாசியுங்கள்.

நான் விஞ்ஞான ஆசிரியை. ஒளி பற்றிய பாடத்தை வருடா வருடம் படிப்பிக்கிறவள். கட்டாரில் இருக்கும் என்ட காக்கா ஒருமுறை லீவில் வந்தபோது தன்னுடைய பழைய கமராவையும் இரண்டு பிளாஷையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதிலிருந்து, தரம் 11 பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் போகுமுன் ஆளுக்கொரு முகப்படம் எடுத்துக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நான் எடுப்பது பெண் பிள்ளைகளை மட்டும். ஆண் பிள்ளைகளை ஒரு சேர் பார்த்துக்கொள்கிறார். கதவைச் சாத்திய வகுப்பறையில் நானும் இன்னொரு டீச்சரும் மட்டும் நிற்போம். படம் அச்சாகிப் பிள்ளையின் கைக்குப் போகும், பிறகு கமராவில் இருந்து அழித்துவிடுவேன். எந்த வட்ஸ்அப் குழுவிலும் போடுவதில்லை. இந்தப் பதிவோடு ஒரு படமும் இல்லாததற்குக் காரணமும் அதுதான்.

முதல் வருடம் கதிரையில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் அரைவாசிப் பேர் கேட்டது ஒரே கேள்வி.

"டீச்சர், வெள்ளையாக்கித் தருவீங்களா?"

ஒரு பிள்ளை மட்டும் அப்படிக் கேட்கவில்லை. "பெருநாளைக்கு ஸ்டூடியோவுல எடுத்த படத்த வெள்ளையாக்கித் தந்தாங்க டீச்சர். உம்மா பாத்துட்டு, இது ஆர்ர புள்ள எண்டு கேட்டா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

பதினாறு வயதுப் பிள்ளை தன் முகத்தில்தான் பிழை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கமராவுக்கு முன்னால் வந்து உட்காருகிறாள். எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தில் பிழை அங்கே இல்லை. எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன்.

நம் பாடசாலைப் பெண் பிள்ளையின் உடையை நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சீருடை, வெள்ளைப் பர்தா. பின்னால் வெள்ளைச் சுவர். நடுவில் கையளவு முகம். கமரா தன்பாட்டில் வெளிச்சத்தைக் கணக்கிடும்போது, முன்னால் இருப்பதெல்லாம் சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்ளும். படத்தில் முக்கால்வாசி வெள்ளையாக இருந்தால் "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்துக் குறைத்துவிடும். பர்தா சாம்பலாகும், முகம் இருண்டுபோகும். பிறகு கணினியில் ஏற்றி மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்குவார்கள். இப்போது முகம் ஓரளவு தெரியும், பர்தா மடிப்பும் இல்லாமல் விளிம்பும் இல்லாமல் வெற்றுக் கடதாசி மாதிரி ஆகிவிடும். கறுப்பு ஹபாயாவோடு இருண்ட திரைக்கு முன்னால் நின்றால் இதன் மறுபக்கம் நடக்கும். முகம் வெளிறிப்போகும்.

இரண்டாவது காரணம் பிளாஷ். கமராவின் தலையில் இருக்கும் பிளாஷின் முகப்பு ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அவ்வளவு சின்ன இடத்தில் இருந்து நேராக வருகிற வெளிச்சம் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் பளிச்சென்று புள்ளி போடும். மற்ற இடமெல்லாம் தட்டையாகிவிடும். பின்சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் வியர்வையோடு வந்து உட்கார்ந்த முகம் என்றால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவதை ஆண்கள் பலர் கவனிப்பதில்லை. பர்தாவின் விளிம்பு நெற்றிக்கு மேல் ஒரு சின்னக் கூரை. விளக்கை உயரத்தில் கட்டினால் அந்தக் கூரையின் நிழல் நெற்றியிலும் கண்களிலும் விழும். யூடியூப்பில் வெள்ளைக்காரர் காட்டித் தருகிற உயரம் தலை திறந்தவர்களுக்கானது. அதை அப்படியே நம் பிள்ளைகளுக்கு வைக்க முடியாது.

சரி, எப்படி வைப்பது? நான் செய்வதைச் சொல்கிறேன். பெரிய ஸ்டூடியோ தேவையில்லை, ஒரு வகுப்பறை போதும்.

முதலில் பிள்ளையைச் சுவரில் இருந்து பிரிக்க வேண்டும். ஐந்தாறு அடியாவது முன்னுக்கு வந்து உட்காரட்டும். பாதி நிழல் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

அடுத்தது பிளாஷைக் கமராவில் இருந்து கழற்றி ஸ்டாண்டில் பூட்டுவது. அதற்கு முன்னால் வெளிச்சம் ஊடுருவிப் போகிற வெள்ளைக் குடை ஒன்று. கமராவையும் பிளாஷையும் இணைக்க ஒரு சின்ன ட்ரிகர். குடை பிள்ளையின் ஒரு பக்கமாக, ஏறத்தாழ 45 பாகை சரிவில், முகத்தில் இருந்து மூன்று அடியில் இருக்கட்டும். உயரம் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பர்தா நிழல் கண்ணில் விழுந்தால் இன்னும் இறக்குங்கள்.

குடை என்ன செய்கிறது? தீப்பெட்டி அளவு வெளிச்சத்தை ஒரு ஜன்னல் அளவு வெளிச்சமாக மாற்றுகிறது. வெளிச்சம் வருகிற இடம் பெரிதாக இருந்தால் நிழலின் ஓரம் மெதுவாகக் கரையும். மினுக்கமும் ஒரு புள்ளியில் குவியாமல் கன்னம் முழுக்கப் பரவும். கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தை நிழலைவிட இந்த மினுக்கம்தான் அதிகம் காட்டும். கன்ன எலும்பு, மூக்கின் சரிவு, தாடையின் வளைவு எல்லாம் அதில்தான் எழும்பி வரும். நம் நிறத்துக்கென்றே உள்ள அழகு அது. பவுடர் பூசி அதை மூடினால் முகம் சாம்பல் பூத்த மாதிரித்தான் வரும். ஒரு டிஷ்யூவால் வியர்வையை ஒற்றி எடுத்தால் போதும்.

மூன்றாவது ரெஜிபோம். வீட்டில் டீவி வாங்கிய பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிபோம் தட்டுத்தான். அதைக் குடைக்கு எதிர்ப்பக்கத்தில், முகத்தில் இருந்து இரண்டு அடி தள்ளிப் பிடிக்க வேண்டும். இன்னொரு தட்டைப் பிள்ளை தன் மடியில் வைத்துக்கொள்ளலாம். குடையில் இருந்து வருகிற வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, நாடியின் கீழும் கண் குழியிலும் பர்தா விளிம்பின் உள்ளேயும் போகும்.

இந்தத் தட்டுத்தான் முக்கியம். வெள்ளைத் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். நம் தோல் அதில் ஒரு சிறு பங்கைத்தான் அனுப்பும். ஆனால் அந்த வித்தியாசத்தை இன்றைய கமரா தாங்கும். இரண்டையும் ஒரே படத்தில் ஒழுங்காகக் காட்டவும் முடியும். நிழல் சேரும்போதுதான் அது தாங்காமல் போகிறது. முகத்துக்கு வெண்மை தேவைப்படவில்லை. அதில் விழுந்திருக்கிற நிழலை எடுத்துவிட்டால் போதும்.

கமராவைத் தானியங்கியில் விடாதீர்கள். மெனுவலில் வையுங்கள். ஐஎஸ்ஓ 200, வேகம் 1/125, அபர்ச்சர் எஃப் 8 என்று தொடங்கலாம். அறை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது வேகம். பிளாஷின் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது அபர்ச்சரும் பிளாஷின் பவரும். பல கமராக்களில் வேகத்தை 1/200, 1/250க்கு மேலே கொண்டுபோனால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பச்சைத் திரை இருந்தால் மடித்து வையுங்கள், அந்தப் பச்சை கன்னத்தில் ஒட்டும். வெண்சமநிலையைப் பிளாஷ் அடையாளத்தில் வையுங்கள், அது 5500 கெல்வின் அளவில் நிற்கும்.

ஒரு படம் எடுத்துப் பர்தாவைப் பெரிதாக்கிப் பாருங்கள். துணியின் மடிப்புத் தெரிய வேண்டும். மடிப்பு அழிந்திருந்தால் பிளாஷின் பவரைக் குறையுங்கள். மடிப்புத் தெரிந்தும் முகம் இருட்டாக இருந்தால் பவரில் கை வைக்க வேண்டாம், ரெஜிபோமைக் கிட்டக் கொண்டுவாருங்கள். கண்ணாடி போட்ட பிள்ளை என்றால், கண்ணாடியின் காதுக்கால்களைக் காதில் இருந்து கொஞ்சம் மேலே தூக்கிவிடுங்கள். கண்ணாடி லேசாகக் கீழே சரிந்து, பிளாஷின் பிரதிபலிப்பு ஓடிவிடும்.

அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் என்றால் ஒரு பக்கக் குடை போதாது. முகத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் வேண்டும். இரண்டு குடை, இரண்டு பக்கமும் ஒரே தூரம், ஒரே பவர். பின்சுவருக்கும் தனியாக வெளிச்சம் வேண்டும். ஏன் என்பதை எங்கள் பாடமே சொல்லித் தரும். ஒரு விளக்கில் இருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். குடையில் இருந்து முகம் மூன்று அடியிலும் சுவர் ஒன்பது அடியிலும் இருந்தால் வெள்ளைச் சுவர் சாம்பலாகத்தான் வரும். இதைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். குடையைத் தள்ளி வைத்து ஒரு படம், கிட்ட வைத்து ஒரு படம் என்று எடுத்துக் காட்டினேன். மறுகா அந்தக் கணக்கை யாரும் மறக்கவில்லை.

இந்தக் கதை நம் ஊரோடு முடிவதில்லை. அந்தக் காலத்தில் கலர் படம் கழுவுகிற லெபோரட்டரிகளில் நிறம் சரியா என்று பார்க்க கொடக் கம்பனி ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். "ஷேர்லி காட்" என்பது அதன் பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் எல்லோருடைய தோலும் சரி என்று கணக்கு. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கிற மாதிரிப் படங்கள் 1990களில்தான் பரவலாக வந்தன.

அதைவிடக் கசப்பான கதை தென்னாப்பிரிக்காவில். நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களைப் பாஸ் புத்தகத்தோடுதான் நடமாட விட்டது. அந்தப் புத்தகங்களுக்குப் படம் எடுக்கப் பொலரொய்ட் கம்பனியின் அடையாள அட்டைக் கமராவும் பயன்பட்டது. அந்தக் கமரா வகை ஒன்றில் பிளாஷின் வெளிச்சத்தைக் கூட்ட ஒரு பொத்தான் இருந்தது. கறுத்த தோலுக்கு வெளிச்சம் கூட வேண்டும் என்ற அதே விஞ்ஞானம்தான். 1970இல் அமெரிக்காவில் அந்தக் கம்பனியிலேயே வேலை செய்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் இதைக் கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். ஹன்டரைக் கம்பனி வேலையில் இருந்து நீக்கியது. 1977இல் பொலரொய்ட் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது.

ஒரு மனிதனின் முகத்தைத் தெளிவாகக் காட்டுகிற வெளிச்சத்தை அவனைக் கட்டிவைக்கவும் பயன்படுத்தலாம், கண்ணியப்படுத்தவும் பயன்படுத்தலாம். எதற்கு என்பதைத் தீர்மானிப்பது பிளாஷைக் கையில் வைத்திருப்பவர்தான்.

படம் எடுப்பது பற்றி நம் மார்க்கத்தில் இருக்கிற கருத்துகளை நான் அறிவேன். அதை உலமாக்கள் பேசட்டும், நான் அதற்குள் போகவில்லை. தேவைக்கு எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஆன பிறகு, அதை ஏன் அந்தப் பிள்ளையே வெட்கப்படுகிற மாதிரி எடுக்க வேண்டும் என்பதுதான் என்ட கேள்வி.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சிலர் நினைக்கலாம். 2004 டிசம்பர் 26 நம் எல்லோருக்கும் தெரியும். இலங்கையிலேயே அதிக உயிர்களைச் சுனாமி கொண்டுபோன மாவட்டம் நம் அம்பாறை மாவட்டம். கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் சாச்சியின் வீட்டில் ஒரு அல்பம்கூட மிஞ்சவில்லை. சாச்சியும் மிஞ்சவில்லை. அப்போது அவருடைய மகளுக்கு நாலு வயது.

அவள் வளர்ந்த பிறகு உம்மாவின் முகத்தைத் தேடினாள். கிடைத்தது ஒன்றே ஒன்று. ஏதோ ஒரு விண்ணப்பத்தோடு இணைத்திருந்த அடையாள அட்டையின் போட்டோ பிரதி. மூலப் படமே இருட்டு. பிரதியில் முக்காட்டின் வெள்ளை வட்டம் தெரிகிறது, நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. கண் எங்கே, மூக்கு எங்கே என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. "உம்மாட மூக்கு என்ட மூக்கு மாதிரியா ராத்தா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு நினைவிருந்த அளவுக்குச் சொன்னேன். நினைவில் இருந்து ஒரு முகத்தைச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

அலுவலகங்களில் காட்டுவதற்கு என்று நாம் அலட்சியமாக எடுக்கிற ஒரு படம், பிறகு ஒரு பிள்ளைக்குத் தன் தாயின் முகமாக மிஞ்சலாம். இதை ஸ்டூடியோ தம்பிமார் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இப்போது அடையாள அட்டைக்கு 15 வயதில் விண்ணப்பிக்கிறோம். பாடசாலைப் பிள்ளைகளுடையது அதிபர் ஊடாகப் போகிறது. படம் பதிவு செய்யப்பட்ட ஸ்டூடியோவில் எடுக்கப்பட வேண்டும், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரம் என்ன சொல்கிறது தெரியுமா? முகத்திலும் பின்னணியிலும் நிழல் இருக்கக் கூடாது. நெற்றியில் இருந்து நாடி வரை, முகத்தின் இரண்டு விளிம்போடும் தெரிய வேண்டும். மார்க்கத்துக்காகத் தலையை மூடலாம், முகத்தில் அதன் நிழல் விழக் கூடாது. தோலின் நிறம் இயல்பாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி விசயத்தை மறுபடி வாசியுங்கள். வெள்ளையாக்குவது அந்தத் தரத்துக்கே மாறானது. ஸ்டூடியோக்காரர் அதைச் சேவை என்று நினைத்துச் செய்கிறார், பெற்றோரும் சந்தோசமாக வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே தம்பிமாருக்கு என்ட வேண்டுகோள் மூன்று. பெண் பிள்ளை வந்தால் உம்மாவையோ ராத்தாவையோ உள்ளே வர விடுங்கள், பர்தாவை ஒழுங்குபடுத்த திரை போட்ட ஒரு மூலையும் கண்ணாடியும் வையுங்கள். பர்தாவைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு நீங்கள் கை நீட்டாதீர்கள். இரண்டாவது, கமராவின் தலையில் இருக்கும் பிளாஷால் முகத்தில் அடிக்காதீர்கள், இரண்டு குடை வாங்குங்கள். மூன்றாவது, வெள்ளையாக்கும் வேலையை நிறுத்துங்கள். பிள்ளை கேட்டாலும் "உங்கட நிறம் நல்லாத்தான் வந்திருக்கு மகள், இஞ்ச பாருங்க" என்று திரையில் காட்டுங்கள். வெளிச்சம் சரியாக இருந்தால் அது பொய்யாக இருக்காது.

பெற்றோரே, பிள்ளையின் படத்தைக் கடைசி நாளில் அவசரமாக எடுக்க வைக்காதீர்கள். அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ வெயிலில் பஸ் ஏறிப்போய், களைத்த முகத்தோடு, ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு வந்த படத்தைத்தான் அந்தப் பிள்ளை வருடக்கணக்கில் சுமக்கப் போகிறாள்.

என்னிடம் படம் எடுத்த பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுக்கிறார்கள். மாப்பிள்ளை பக்கத்து ஆள் உள்ளே வரத் தேவையில்லை, மணப்பெண்ணும் கூச்சமில்லாமல் இருக்கிறாள். கையில் நாலு காசும் வருகிறது. பெண்கள் பெண்களுக்காக நடத்துகிற, பதிவு செய்த ஒரு ஸ்டூடியோ பொத்துவிலில் வந்தால் எவ்வளவு நல்லது. இன்ஷா அல்லாஹ் அதையும் பார்ப்போம்.

இந்தத் தவணை லீவில் முதல் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு, படிக்க விரும்புகிற பெண் பிள்ளைகளுக்கு வெளிச்சம் வைக்கிற விதத்தைச் சொல்லிக் கொடுக்க இருக்கிறேன். காசு இல்லை, கமராவும் கட்டாயமில்லை. வீட்டில் ரெஜிபோம் தட்டு இருந்தால் எறியாமல் கொண்டுவாருங்கள். வர விரும்புகிற பிள்ளைகளின் உம்மாமார் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள்.